ஏழு பிள்ளைகள் போட்ட சட்டை

கோர்ட்டிலிருந்து ஆள் வந்தபோது வேண்டா வெட்டுமேசைமேல் குனிந்து துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கடப்பாக்கத்திலிருந்து கடலைப் பார்த்துப் போகிற சாலையில், ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகை அவளுடையது. வந்தவர் ஒரு இளம் வழக்கறிஞர். சோதனை போடுவதற்காகச் செங்கல்பட்டு கோர்ட் அவரைக் கமிஷனராக நியமித்து அனுப்பியிருந்தது. மரியாதை தெரிந்த பிள்ளை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். பிறகு, தைத்து மடித்து அடுக்கியிருந்த சட்டைகளை எல்லாம் மூட்டையாகக் கட்டி அரக்கு வைத்தார்.

மறு உத்தரவு வரும்வரை இந்த மாதிரிச் சட்டையைத் தைக்கவும் கூடாது, விற்கவும் கூடாது என்றார்.

“நா தச்சத நானே தைக்கக் கூடாதா சார்?” என்று கேட்டாள் வேண்டா.

சண்டைக்குக் கேட்கவில்லை. பஸ் இந்த வழியாகத்தானே போகும் என்று கேட்பதைப் போலக் கேட்டாள். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. கோடை விடுமுறை பார்சல்களை எடுத்துப்போக வந்த நான், அந்தப் பிள்ளையைப் பிடித்துக் கத்தித் தீர்த்துவிட்டேன். அவர் என்ன செய்வார் பாவம்.

“டிசைன் கேஸ் போட்டவங்க பேர்ல பதிவாகி இருக்கும்மா. உங்க பக்கம் என்ன இருக்குன்னு கோர்ட்ல வந்து சொல்லுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மெஷின்களில் உட்கார்ந்திருந்த பெண்கள் அப்படியே இருந்தார்கள். ஒருத்தியின் மெஷினில் பாதி தைத்த சட்டைக் கை மாட்டியிருந்தது. மூட்டையோடு போகாமல் தப்பித்த அந்த ஒரே துண்டை வேண்டா மெதுவாக உருவி எடுத்து, நூலைக் கத்தரித்து, தன் மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதும் அவள் அழவில்லை.

வேண்டா என்றால் வேண்டாம் என்றுதான் பொருள். நாலாவதும் பெண்ணாகப் பிறந்தால் இந்தப் பக்கத்தில் அப்படிப் பெயர் வைத்துவிடுவார்கள். இனி பெண் வேண்டாம் என்று மேலே இருப்பவருக்குத் தாக்கல் சொல்கிறார்களாம். மேலே இருப்பவர் கேட்டாரோ என்னவோ, கீழே இருக்கிறவள் ஆயுசுக்கும் அந்தப் பெயரைச் சுமக்க வேண்டும். இவள் அதைச் சுமக்கவில்லை, அச்சடித்தாள். தன் சட்டைகளின் கழுத்துப் பட்டைக்குள் வைக்கிற துணிச்சீட்டில் ‘வேண்டா’ என்றே போட்டாள். கடல், அலை, சங்கு என்று நான் எத்தனையோ நல்ல பெயர்களாகச் சொல்லிப் பார்த்தேன்.

“அதெல்லாம் ஓட்டலுக்கு வெக்கிற பேருக்கா” என்று முடித்துவிட்டாள்.

பதினெட்டு வயதில் மறைமலைநகர்ப் பக்கம் ஒரு ஏற்றுமதித் தையல் கம்பெனிக்குப் போனவள். ஒருத்தி கழுத்து மட்டும் தைப்பாள், ஒருத்தி கை மட்டும் தைப்பாள். முழுச் சட்டையை யாரும் பார்க்க முடியாது. வருஷக்கணக்கில் இடப்பக்கப் பை மட்டும் தைத்தாளாம். கல்யாணமாகி மூர்த்தியோடு குப்பத்துக்குத் திரும்பியபின், வங்கிக் கடனில் ஒரு மெஷின் வாங்கினாள். மூர்த்தி கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்த காலத்து மனிதர், வாயைத் திறந்து பேசுவதே அபூர்வம். அவர் பிடித்துவந்த மீனைக் கல்பாக்கம் குடியிருப்புக்குள் கொண்டுவந்து விற்றவள் இவள்தான். என் கணவர் அங்கே அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை. வஞ்சிரத்தில் ஆரம்பித்து, என் ரவிக்கைகளைப் பிரித்துச் சரிசெய்து கொடுப்பதில் தொடர்ந்தது எங்கள் சிநேகம்.

அரக்கு வைத்துப் போன அந்த மடிச் சட்டை பிறந்ததும் மீன் கூடையில்தான். ஏலத்தில் நிற்கிற பெண்கள் முந்தானையை இழுத்து இடுப்பில் சுற்றி முன்னால் ஒரு மடி கட்டிக்கொள்வார்கள். ஃபோன், சாவி, வெற்றிலை எல்லாம் அதற்குள். நம் ஊரில் பெண்களுக்குத் துணி தைக்கிறவர்கள் ஏதோ பெண்களுக்குக் கையே கிடையாது என்பதைப் போல ஒரு பைகூட வைக்காமல் தைப்பார்கள். இவள் என்ன செய்தாள் என்றால், இடது தோளிலிருந்து ஒரு மடிப்பைச் சாய்வாக இறக்கி, மார்பைக் கடந்து வலது இடுப்பில் சுழற்றி, அங்கே அதே துணியை வாய் திறந்த மடியாக முடித்தாள். மடியின் உதட்டில் மட்டும் வேறு நிறத்தில் ஒரு வரி. பார்த்தால் யாரோ இப்போதுதான் முந்தானையைச் செருகிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியதைப் போல இருக்கும். எனக்கு அதைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. பொய் சொல்லவில்லை.

அது போன ஆனி மாதம். அப்போதே சொன்னேன், “வேண்டா, இதை யாருக்கும் காட்டாதே. முதலில் டிசைனைப் பதிவு பண்ணிடுவோம்” என்று.

“ஆடி வந்துகினு கீதுக்கா. மொதல்ல கன்னிமாரு போட்டுக்கட்டும். அப்பறம் இன்னா வோணா பண்ணு.”

கன்னிமார் விஷயத்தில் அவளோடு பேச முடியாது. அவள் குப்பத்தில் ஆடி மாதம் ஏழு சிறுமிகளை ஏழு கன்னிமாராக உட்கார வைப்பார்கள். குளிப்பாட்டிப் பூ வைத்துப் புதுத்துணி உடுத்தி, கடல்வரை கூட்டிக்கொண்டு போய் அலையில் கால் நனைத்துத் திரும்ப அழைத்து வருவார்கள். புதுப் படகானாலும் புது வலையானாலும் முதல் மீன் அந்தப் பிள்ளைகளின் இலைக்குத்தான். அதேபோல வேண்டா புதிதாக எது வெட்டினாலும் முதலில் கன்னிமார் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு முன் வேறு யார் உடம்பிலும் அது ஏறக் கூடாது. அன்றைக்கு யாரும் அவர்களைப் படம் எடுக்கக் கூடாது. கரையில் இறங்குமுன் ஃபோன்களை வாங்கி ஒரு அன்னக்கூடையில் போட்டுவிடுவார்கள்.

வேண்டாவைச் சிறுவயதில் ஒரு ஆடிக்கும் கன்னியாக உட்கார வைக்கவில்லை. பேரே வேண்டா, அவளைப் போய்ச் சாமியாகக் குந்தவைப்பதா என்றார்களாம். அக்காமார் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். இவளை வெளியே நிறுத்தி, வந்தவர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். இதை அவள் என்னிடம் ஒரே ஒரு முறை, பித்தான் தைத்துக்கொண்டே சொன்னாள். அதன்பிறகு நான் ஆடி பற்றி வாயைத் திறப்பதில்லை.

ஆக, போன ஆடியில் ஏழு பிள்ளைகள் ஏழு நிறத்தில் மடிச் சட்டை போட்டுக்கொண்டு கடலுக்குப் போனார்கள். சம்பிரதாயம் முடிந்த கையோடு அந்த மடிகளில் கிளிஞ்சல் பொறுக்கிப் போட்டுக்கொண்டு கரையெல்லாம் ஓடினார்கள். ஆலம்பரைக் கோட்டை பார்க்க வந்தவர்கள் அன்று நிறையப் பேர் அந்தக் கரையில் நின்றார்கள். எல்லாருக்கும் கண் இருந்தது.

பெரியவர்களுக்கான சட்டையை நாங்கள் விற்க ஆரம்பித்தது நவராத்திரிக்குத்தான், நாவலூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கொலு விற்பனையில். ஐ.டி. பெண்கள் மடிக்குள் கையை விட்டுப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளைப் போலச் சிரித்தார்கள். ‘வேண்டா’ என்று எழுதிய சட்டையை எனக்கு உனக்கு என்று அடித்துப் பிடித்து வாங்கினார்கள். நான் இன்ஸ்டாகிராமில் பக்கம் திறந்தேன். தை மாதத்துக்குள் கொட்டகையில் மெஷின்கள் பெருகின. அந்தச் சந்தடியில் பதிவு என்ற பேச்சு பின்னுக்குப் போய்விட்டது.

பிறகு ஒரு காலை பக்கத்தைத் திறந்தால் பக்கமே இல்லை. புகாரின் பேரில் நீக்கப்பட்டது என்று ஒரு வரி. புகார் கொடுத்தவர் வைஷாலி, நாவலூரில் துணிக் கடையும் டிசைன் ஸ்டூடியோவும் வைத்திருப்பவர். மடிச் சட்டை தன் டிசைன் என்று பதிவுக்கு அவர் போட்ட விண்ணப்பத்தின் நாள் ஆவணி மாதத்தில் விழுந்திருந்தது. எங்கள் முதல் விற்பனைக்கு முன்னால். சட்டத்தின் கண்ணுக்கு வேண்டாதான் திருடி. அடுத்து அவர் போட்ட வழக்கில்தான் கோர்ட்டிலிருந்து ஆள் வந்தது.

செங்கல்பட்டு கோர்ட் வாசலில் வக்கீல் ஜெரோமின் அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. மனிதர் பேசும்போது பேனாவால் காதைக் குடைவார். மற்றபடி குறை சொல்ல முடியாது.

“சட்டம் ரொம்ப சிம்பிள்மா” என்றார். “டிசைன் புதுசா இருக்கணும். விண்ணப்பம் போடறதுக்கு முன்னால ஊர் உலகத்துக்குக் காட்டியிருக்கக் கூடாது. காட்டிட்டா அதுக்கப்புறம் யாரும் அதைத் தன்னோடதுன்னு பதிவு பண்ண முடியாது. ஆவணிக்கு முன்னால இந்தச் சட்டையை வெளியில யாராவது போட்டிருந்தாங்கன்னு நிரூபிச்சா, அந்தம்மா பதிவு நிக்காது.”

“போட்டாங்களே! ஏழு பேர் போட்டாங்களே!” என்று நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

“உட்காருங்க மேடம். அதுல இன்னொரு பக்கம் இருக்கு. அவங்க பதிவு விழுந்தா, இவங்களும் பதிவு பண்ண முடியாது. காட்டினது இவங்களேதானே. அப்புறம் அந்தச் சட்டையை ஊர்ல யார் வேணாலும் தைக்கலாம்.”

வேண்டா அதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். “அப்போ கன்னிமாருக்குப் போட்டதுதான் தப்பா சார்?”

“தப்புன்னு இல்லம்மா. சட்டத்துக்கு அது ‘வெளியிட்டது’. அவ்வளவுதான்.” பேனாவைக் கீழே வைத்தார். “படம் எதாவது இருக்கா?”

படம் இல்லை. ஃபோனெல்லாம் அன்னக்கூடையில் கிடந்த நாள் அது. வேறு வழி, பார்த்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைகளின் தாய்மார் வந்து சட்டைகளைக் காட்டிச் சொன்னால் போதும் என்றார் ஜெரோம்.

குப்பத்தில் கன்னிமார் காரியங்களை நடத்துகிறவள் பூவாயி. மீன் ஏலத்திலும் அவள் குரல்தான், கோயிலிலும் அவள் குரல்தான். நாங்கள் போனபோது வலைக்கூடத்தில் உட்கார்ந்து கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

“இன்னாடி பேசற நீ? கன்னிமாரா குந்தன புள்ளைங்கள கோர்ட்டுல நிறுத்தி, எந்தச் சட்ட போட்ட, எப்போ போட்டன்னு கண்டவன் கேக்கறதா? அந்தத் துணிய அவனுங்க தூக்கிப் புடிச்சுப் பாக்கறதா?”

“அவங்க அம்மாங்க வந்தா போதும் பூவாயிக்கா.”

“ஒருத்தியும் வர மாட்டா. நா அனுப்ப மாட்டேன். நீ தைக்கறது உன் பொழப்பு. அத்த கன்னிமாரு தலைல கட்டாத.”

நான் வாயைத் திறந்தேன். வேண்டா என் கையைப் பிடித்து அழுத்தினாள். வெளியே வந்ததும் கத்தினேன், “உன் வேலையில முதல் மரியாதை மட்டும் வேணும், உனக்காக ஒரு வார்த்தை சொல்ல வர மாட்டாங்களா?” என்று.

“அவங்க சொல்றது நாயந்தான்க்கா” என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு மீன்கூட வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நரகம். கொட்டகையில் பழைய புடவைக்கு ஓரம் அடிப்பது, பள்ளிக்கூடச் சீருடைக்குப் பித்தான் வைப்பது என்று ஓட்டினார்கள். இரண்டு பெண்கள் மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டுக்குத் துணி துவைக்கப் போய்விட்டார்கள். மூர்த்தி ஒருநாள் என்னிடம், “அவ தூக்கத்துல கையக் கையக் கீயே தள்றாக்கா, மெசினு ஓட்ற மாரி” என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அத்தனை வார்த்தை ஒன்றாக வந்து நான் கேட்டதில்லை.

வைகாசியில் கோர்ட் இரண்டு தரப்பையும் சமரச மையத்துக்கு அனுப்பியது. அதற்கு முந்தின வாரமே வைஷாலியின் பக்கத்திலிருந்து ஜெரோமுக்குச் செய்தி வந்துவிட்டது. கேட்டதும் என் நெஞ்சில் பால் வார்த்ததைப் போல இருந்தது. பதிவில் வேண்டாவையும் சேர்த்துக்கொள்கிறார்களாம். இருவருக்கும் சரிபாதி உரிமை. வேண்டா தன் பெயர் போட்டே தைத்து விற்கலாம். வேறு எவன் காப்பியடித்தாலும் இரண்டு பேரும் சேர்ந்து தடுக்கலாம். வழக்குச் செலவே அவர்களுடையது.

“கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்துப் போடு” என்றேன்.

“கண்ணத் தொறந்துகினே போட்றேன்க்கா” என்று சிரித்தாள் வேண்டா. பல வாரங்களுக்குப் பிறகு அவள் சிரித்ததைப் பார்த்தேன். அன்று செங்கல்பட்டு பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் விட்டுக்கொடுத்து, வழியெல்லாம் போகிறவர் வருகிறவர் சட்டைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள்.

சமரச மையம் ஒரு சின்ன அறை. நீள்வட்ட மேசை, தண்ணீர் பாட்டில்கள், நின்றுபோன ஏ.சி. நடுவில் சமரசராக ஒரு மூத்த பெண் வழக்கறிஞர். எதிரே வைஷாலியும் அவருடைய வக்கீலும். வைஷாலி ராட்சசியாக இருப்பாள் என்று எண்ணிப் போயிருந்தேன். முப்பது வயதுகூட இருக்காது. நகத்தைக் கடித்துக் கடித்து விரல்நுனி சிவந்திருந்தது. அவளுக்கும் தூக்கம் இல்லை என்று தெரிந்தது. எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

சமரசர் ஒப்பந்தத்தைத் தமிழில் வாய்விட்டு வாசித்தார். சரிபாதி. பெயர். சீல் வைத்த மூட்டைகள் திரும்ப வரும். ஒவ்வொன்றுக்கும் வேண்டா தலையாட்டினாள். பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். கடைசிப் பத்தியை வாசித்தார்: “இந்த வடிவம் இரு தரப்பினரும் சேர்ந்து உருவாக்கியது. விண்ணப்ப நாளுக்கு முன் இந்த வடிவிலான உடையை எவரும் எங்கும் அணிந்ததில்லை என்று இருவரும் உறுதி கூறுகிறார்கள்.”

வேண்டாவின் தலை நின்றது.

“அது இன்னா மேடம்? எவரும்னா?”

“யாரும் போட்டதில்லைன்னு அர்த்தம்மா.”

“ஏயு புள்ளைங்க போட்டுகினு கடலுக்குப் போச்சுங்களே.”

வைஷாலியின் வக்கீல் சிரித்துச் சமாளித்தார். “அது ஃபார்மாலிட்டிம்மா. அந்த வரி இருந்தாத்தான் பதிவு நிக்கும். பதிவு நின்னாத்தான் உங்களுக்கும் பாதி. உங்க நல்லதுக்குத்தான்.”

உண்மைதான். அந்த வரியில்தான் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அவள் காதோரம் குனிந்தேன். “வேண்டா, வெறும் எழுத்துதான் இது. குப்பத்துல யாரும் படிக்கப் போறதில்லை. சாட்சி சொல்ல ஒருத்தர் வரலை, நினைச்சுப் பாரு. போடு.”

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“யாரும் போடலன்னு எயுதனா, அதுங்க குந்தவே இல்லன்னு ஆய்டும்க்கா” என்றாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, “ஆசயா போட்டுகினு போச்சுங்க. நா பாத்தேன். இல்லன்னு எயுத எனக்குக் கை வராது” என்று சொல்லிப் பேனாவை மேசைமேல் வைத்தாள். அது உருண்டு தண்ணீர் பாட்டிலில் முட்டி நின்றது.

ஜெரோம் கண்ணை மூடிக்கொண்டார். இனி வழக்கு நடக்கும், படம் இல்லை, சாட்சி இல்லை, தோற்போம். கொட்டகையை மூட வேண்டியதுதான். எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. வைஷாலியின் வக்கீல் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

வேண்டா எழுந்திருக்கவில்லை. மேசையின் குறுக்கே வைஷாலியைப் பார்த்து, “நீ இத்த எங்கம்மா பாத்த?” என்று கேட்டாள்.

“அதுக்கு பதில் சொல்ல வேண்டியதில்லை” என்றார் வைஷாலியின் வக்கீல்.

“சும்மாதான் கேக்கறேன். நா கன்னிமாருக்குத் தச்சப்போ அந்த மடி ஒதட்டுல கடுகு மஞ்சள்ல ஒரு வரி வெச்சேன். அப்பறம் விக்கிறதுக்குத் தச்சதுல வேற வேற கலரு போட்டேன். உன் பதிவுப் படத்துலயும் கடுகு மஞ்சள்தான் கீது. நீ கடைல பாக்கல. எங்க பாத்த?”

வைஷாலியின் முகம் சிவந்தது. நகம் வாய்க்குப் போனது. வக்கீல் அவள் கையைத் தொட்டார். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

“நான் திருடலை” என்றாள். “ஃபோர்ட் பார்க்கத்தான் வந்தேன். பீச்ல சின்னப் பொண்ணுங்க ஓடிட்டிருந்தாங்க. எல்லாரும் ஒரே மாதிரி டிரஸ். ஃபோட்டோ எடுக்க விடலை, ஞாபகத்துல வரைஞ்சேன். அது உங்க ஊரோட பழைய டிரஸ்னு நினைச்சேன். காலம் காலமா எல்லாரும் போடறதுன்னு. அதை யாரோ ஒருத்தர் டிசைன் பண்ணியிருப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்லை!”

பேசி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது. அவளுடைய வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“கால காலமாவா?” என்றாள் வேண்டா. அந்த அறையில் அவள் குரல் முதல்முறையாக உயர்ந்தது. “நா இன்னா செத்தா பூட்டேன்? போன ஆனில வெட்டனதும்மா அது. மூணு தபா வெட்டி மூணு தபா பிரிச்சேன். மடி கீயே தொங்கிப் போச்சுன்னு நா அயுதுகினு கெடந்தது எங்க வூட்டுக்காரருக்குத் தெரியும். குப்பத்துல ஒண்ணு கீதுன்னா, அத்த யாரும் யோசிச்சே செஞ்சிருக்க மாட்டாங்களா? அதுவா மொளைக்குமா?”

வைஷாலி அழுதுவிட்டாள். எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. ஆனால் அவள் நகத்தைக் கடிப்பதை நிறுத்திவிட்டு வேண்டாவை நேராகப் பார்த்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த அறையில் பேசியதைக் கோர்ட்டில் சாட்சியமாகக் காட்ட முடியாது. சமரசம் என்றால் அப்படித்தானாம். ஆனால் நாளைக்குக் கூண்டில் ஏறி, கரையில் எதையும் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்ய வைஷாலியால் முடியாது. அவளே அதை வக்கீலிடம் சொன்னாள். மதியத்துக்குள் வழக்கை வாபஸ் வாங்க ஒப்புக்கொண்டாள். பதிவை ரத்து செய்யச் சொல்லி ஜெரோம் போடப்போகிற மனுவை எதிர்க்க மாட்டேன் என்றும் எழுதிக் கொடுத்தாள்.

ஜெயித்துவிட்டோம். பஸ் நிலையத்தில் ஜெரோம் எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். டீயைக் குடித்துக்கொண்டே, “இப்ப இது யாருக்கும் சொந்தம் இல்லம்மா, ஞாபகம் வெச்சுக்குங்க” என்றார். வேண்டா தலையாட்டினாள். பாதிச் சொந்தம் கையெழுத்துக்கு எட்டும் தூரத்தில் இருந்தது என்று எனக்கு வயிறு எரிந்தது. கடப்பாக்கம் வரை அவளோடு நான் பேசவில்லை.

மூட்டைகள் திரும்பி வந்தன. மெஷின்கள் ஓடின. துணி துவைக்கப் போன பெண்களும் திரும்பி வந்தார்கள். ஆனி முடிவதற்குள் மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்குப் போகிற தெருவில் கடைக்குக் கடை மடிச் சட்டை தொங்கியது. எங்கிருந்தோ லாரியில் வந்து இறங்கியிருக்கிறது. ஒரு கடையில் வேண்டா நின்றாள். மடிக்குள் கையை விடப் பார்த்தாள், போகவில்லை. அழகுக்கு மடிப்பை மட்டும் வைத்து வாயைத் தைத்து மூடியிருந்தார்கள். விரல்நுனியை அந்தத் தையல்மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கடைக்காரர், “வேணுமா?” என்று கேட்டார்.

“வோணாம்” என்றாள். தெருமுனை வரை வந்து, கரும்புச்சாறு வண்டி ஓரம் நின்று, அன்றைக்குத்தான் அழுதாள். கோர்ட் ஆள் வந்தபோது அழாதவள், அறையில் அழாதவள். நான் புடவைத் தலைப்பைக் கொடுத்தேன். அதுவரை இருந்த கோபமெல்லாம் எனக்குப் போய்விட்டது.

ஆடி பிறந்த மறுநாள் ஃபோன் செய்து வரச் சொன்னாள். லேப்டாப்பையும் எடுத்து வா என்றாள். கொட்டகையின் உள்பக்கக் கதவைச் சாத்திவிட்டு, வெட்டுமேசைமேல் ஒரு சட்டையை விரித்தாள். அது என்ன என்று நான் இங்கே எழுத மாட்டேன். காரணம் உங்களுக்கே புரியும். மடிச் சட்டையை அதற்குப் பக்கத்தில் வைத்தால் பாவமாக இருந்தது என்று மட்டும் சொல்லலாம்.

“யாராவது பார்த்தாங்களா?”

“நானும் நீயும். அவருகூட பாக்கல.”

“கன்னிமாருக்கு எப்போ?”

“வர்ற வெள்ளி. தச்சு ரெடியா கீது ஏயும்.” சுவரோரம் வெள்ளைத் துணி போட்டு மூடிய சின்ன மூட்டையைக் காட்டினாள். “அதுக்கு முன்னாடி பதிவுக்கு எயுதிப் போட்டுடு.”

எனக்கு நம்ப முடியவில்லை. “முதலில் கன்னிமார்தான்னு சொல்லுவியே? பூவாயி விடுவாளா?”

“கன்னிமாருக்கு முன்னாடி யாரும் போட்டுக்கக் கூடாதுன்னுதான்க்கா வயக்கம்” என்றாள் வேண்டா. “எயுதக் கூடாதுன்னு எவளும் சொல்லல. நா போன வருசமே கேட்டிருக்கணும். போயி பூவாயிக்காவ கேட்டேன். எயுதிக்கோடி, போட்டுக்காதன்னுச்சு.”

மேசைமேல் சட்டையை வைத்து முன்னே, பின்னே, பக்கவாட்டில் என்று படம் எடுத்தோம். யாரும் போடாத சட்டை. ஒவ்வொரு படத்துக்கும் அவளே சுருக்கத்தை நீவிவிட்டாள். விண்ணப்பத்தில் உரிமையாளர் பெயர் கேட்டது. நான் தட்டச்சு செய்யுமுன் அவள் என் தோளுக்கு மேலாக எட்டி, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தன் பெயரைத் தானே அடித்தாள்.

வெள்ளிக்கிழமை கரையில் என் ஃபோனையும் அன்னக்கூடையில் போட்டுவிட்டுத்தான் நின்றேன். ஏழு பிள்ளைகளும் புதுச் சட்டையில் கடலைப் பார்த்து நடந்தார்கள். வேண்டா கூட்டத்தோடு போகவில்லை. பழைய பழக்கமோ என்னவோ, செருப்புகள் குவிந்திருந்த இடத்தில் நின்றாள். பூவாயி பாதி வழியில் திரும்பிப் பார்த்து, “தச்சவ அங்க நின்னுகினு இன்னாடி பண்ற? முன்ன வா!” என்று சத்தம் போட்டாள்.

வேண்டா போனாள். செருப்புகளை நான் பார்த்துக்கொண்டேன்.